மலிவுத் துப்பாக்கி: சுடுமா, சுடாமல் இருக்குமா?

அமெரிக்கத் துப்பாக்கிக் கடை ஒன்றின் கண்ணாடி அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் ஹை-பாயின்ட் சி9, விலை 200 டாலருக்கு அக்கம்பக்கம். நடுவில் டாரஸ் ஜி3சி, 250 முதல் 300. கொஞ்சம் தள்ளி கிளாக் 19, 500-க்கு மேல். மூன்றும் ஒரே 9 எம்எம் தோட்டாவைத்தான் சுடுகின்றன. முதல்முறை வாங்க வருபவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அந்த 200 டாலர் சாமானை நம்பலாமா?"

பதில் சொல்ல இரண்டு கட்சிகள் எப்போதும் தயார். "உங்க உயிரோட மதிப்பு 200 டாலர்தானா?" என்பது ஒன்று. "என்னுடையது ஆயிரம் ரவுண்டு ஓடியிருக்கு, ஒரு தடவைகூட ஜாம் ஆகல" என்பது இன்னொன்று. முதலாவது பயமுறுத்தல். இரண்டாவது ஒரே ஒரு சாம்பிள். இரண்டிலும் பதில் இல்லை.

இது சின்ன விஷயமும் இல்லை. 2019 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை சுமார் 75 லட்சம் அமெரிக்கர்கள் முதன்முறையாகத் துப்பாக்கி உரிமையாளர் ஆனார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். நம்மவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பச்சை அட்டை வந்துவிட்டால் வாங்கலாம். அதனால் கிரீன் கார்டு, வீடு, அப்புறம் இது என்று பேச்சு வருவதை நானே கேட்டிருக்கிறேன்.

நான் இருப்பது ஒஹையோ மாநிலம். என்னிடம் துப்பாக்கி இல்லை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் "இது எத்தனை தடவை ஓடினால் நம்பலாம்?" என்பது இருபது வருடமாக என் பிழைப்பு. அந்தக் கண்ணோடு படித்துத் தொகுத்த குறிப்பு இது.

நம்பகம் ஒன்றல்ல, இரண்டு

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்வோம். துப்பாக்கி விஷயத்தில் நம்பகம் என்றால் இரண்டு வேறு வேறு சங்கதிகள்.

ஒன்று: விசையை இழுத்தால் சுட வேண்டும், அடுத்த தோட்டாவும் சிக்காமல் ஏற வேண்டும்.

இரண்டு: விசையை இழுக்காதபோது சுடவே கூடாது. கீழே விழுந்தாலும், இடித்தாலும், தோட்டாவை வெளியே எடுக்கும்போதும்.

கடை வாசல் விவாதம் எல்லாம் முதலாவதைப் பற்றியே நடக்கிறது. மலிவுத் துப்பாக்கிகளின் வரலாற்றில் பெரிய கேடு நடந்ததோ இரண்டாவதில்.

கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது?

1968-ல் மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி கொலைகளுக்குப் பிறகு அமெரிக்கா துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. சின்ன, மலிவான கைத்துப்பாக்கிகளை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதை அது பெருமளவு நிறுத்தியது. ஆனால் உள்நாட்டில் தயாரிப்பதற்கு அந்த அளவுகோல் பொருந்தவில்லை. பொறியாளர் மொழியில் சொன்னால், ஒரு பக்கம் மட்டும் வேலிடேஷன் போட்ட ஃபார்ம்.

அந்த ஓட்டைக்குள் ஒரு தொழிலே முளைத்தது. 1970-ல் ரேவன் ஆர்ம்ஸ், பின்னால் ஜென்னிங்ஸ், பிரைகோ, டேவிஸ், லோர்சின் என்று லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி வரிசையாக நிறுவனங்கள். கலிஃபோர்னியா மருத்துவ ஆய்வாளர் கேரன் வின்டெமியூட் 1994-ல் வெளியிட்ட ஆய்வில் இவற்றுக்கு வைத்த பெயர் 'நெருப்பு வளையம்'. இவர்களின் ரகசியம் துத்தநாகக் கலவை. எஃகுக் கட்டியைக் கடைந்து எடுக்காமல், பொம்மைக் கார் செய்வதுபோல உருக்கி அச்சில் வார்த்தார்கள். இந்தக் கலவை 390 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும். பின்னால் இல்லினாய் போன்ற சில மாநிலங்கள், சுமார் 427 டிகிரிக்குள் உருகும் உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கிகளை விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது இதைக் குறிவைத்துத்தான்.

இந்தத் துப்பாக்கிகள் சிக்கிக்கொள்வதற்குப் பேர்போனவை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு சம்பவம்.

1994, வடக்கு கலிஃபோர்னியாவில் வில்லிட்ஸ் என்ற சிறிய ஊர். வீட்டில் இருந்த பிரைகோ துப்பாக்கி ஒன்றிலிருந்து தோட்டாவை எடுத்துவிடலாம் என்று குடும்ப நண்பரான ஓர் இளைஞர் முயன்றார். அந்த மாடலில் சேஃப்டி போட்டிருந்தால் ஸ்லைடு நகராது. அதாவது தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமென்றால் முதலில் சேஃப்டியை விடுவிக்க வேண்டும். விடுவித்தார், சுட்டுவிட்டது. அருகில் இருந்த 7 வயதுப் பையன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான்.

2003-ல் ஜூரி, தயாரிப்பாளர் தரப்பு சுமார் 2.4 கோடி டாலர் தர வேண்டும் என்று சொன்னது. தீர்ப்பு வந்த கையோடு நிறுவனம் திவால் மனு போட்டது. 2004-ல் அதன் சொத்துகள் ஏலத்துக்கு வந்தன. மிச்சமிருந்த துப்பாக்கிகளை வாங்கி உருக்கிவிட வேண்டும் என்று அந்தப் பையன் தரப்பும் ஏலம் கேட்டது. ஆனால் அதே தொழிற்சாலையின் முன்னாள் ஃபோர்மேன் 5,10,000 டாலருக்கு எடுத்து, புதுப் பெயரில் தொழிலைத் தொடர்ந்தார்.

கவனியுங்கள். இங்கே துப்பாக்கி சிக்கவில்லை. நன்றாகவே சுட்டது. பாதுகாப்பாகக் காலி செய்ய முயன்றவரை ஆபத்தான நிலைக்குத் தள்ளிய வடிவமைப்புதான் பிரச்சினை.

இன்றைய மலிவு எப்படி வேலை செய்கிறது?

அந்த வளைய நிறுவனங்களில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. இன்று மலிவின் முகம் எங்கள் மாநிலத்து ஹை-பாயின்ட், ஊர் மேன்ஸ்ஃபீல்ட். இணையத்தில் கேலிக்கு ஆளாகாத நாளில்லை. 2019-ல் புது மாடலுக்குப் பெயர் வைக்கும் வேலையை நிறுவனம் இணையவாசிகளிடமே விட, 'யீட் கேனன்' என்ற கிண்டல் பெயர் ஜெயித்தது. அவர்களும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள்.

இதிலும் ஸ்லைடு துத்தநாக வார்ப்புதான். அப்படியானால் எப்படித் தாங்குகிறது? இங்கே கொஞ்சம் இயற்பியல்.

சுட்டவுடன் குண்டு முன்னால் போகிறது, அதே உந்தத்தோடு ஸ்லைடு பின்னால் வர வேண்டும். குழலில் அழுத்தம் குறையும் முன் ஸ்லைடு திறந்துவிட்டால் வெற்றுக் கூடு கிழிந்துவிடும், கைக்கும் ஆபத்து. கிளாக் போன்றவை இதற்கு ஒரு பூட்டு வைத்திருக்கின்றன. குழலும் ஸ்லைடும் முதல் சில மில்லிமீட்டர் ஒன்றாக நகரும், பிறகு குழலின் பின்பக்கம் கீழே சாய்ந்து பூட்டு விடுபடும். ஜான் பிரௌனிங் நூறு வருடத்துக்கு முன் காட்டிய வழி அது. அழகானது, ஆனால் துல்லியமாகக் கடைந்தெடுக்க வேண்டும். காசு.

ஹை-பாயின்ட் பூட்டே வைப்பதில்லை. ஸ்லைடை கனமாக்கிவிடுகிறது, அவ்வளவுதான். ஊஞ்சலில் குழந்தையைத் தள்ளுவதற்கும் பெரியவரைத் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். ஒரே தள்ளுதான், கனமான ஆள் மெதுவாக நகர்கிறார். அந்தத் தாமதத்தில் குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கிவிடுகிறது. அதனால்தான் 8 தோட்டா மட்டுமே கொள்ளும் சி9 காலியாகவே சுமார் 800 கிராம் கனக்கிறது. 15 கொள்ளும் கிளாக் 19 அதைவிட இலேசு.

ஆக, இது மட்டமான பொறியியல் இல்லை. மலிவான பொருளுக்கு ஏற்ற பொறியியல். குழல் அசையாது, நகரும் பாகங்கள் குறைவு. கைமாறினாலும் செல்லும் ஆயுள் உத்தரவாதமும் தருகிறார்கள். விலையைப் பிடித்தது எங்கே என்றால்: கனம், கொள்ளளவு, பின்னைத் தட்டி எடுத்தால்தான் பிரித்துச் சுத்தம் செய்ய முடியும் என்ற தொல்லை, மேகசினின் உதடுகள் கொஞ்சம் வளைந்தாலும் தோட்டா சரியாக ஏறாத சங்கடம்.

விலை கூடினால் ஆபத்து போய்விடுமா?

இரண்டாவது நம்பகத்துக்கு வருவோம். 2015-ல் பிரேசிலின் டாரஸ் நிறுவனம் ஒரு பெரிய வழக்கைச் சமரசம் செய்துகொண்டது. ஒன்பது மாடல்கள், ஏறக்குறைய பத்து லட்சம் துப்பாக்கிகள். கீழே விழுந்தால் சுடக்கூடும் என்பது குற்றச்சாட்டு. வழக்குப் போட்டவர் அயோவா மாநிலத்து ஷெரிஃப் உதவி அதிகாரி. துரத்தி ஓடும்போது விழுந்த துப்பாக்கி சுட்டிருக்கிறது.

பாத்தீங்களா, மலிவு என்றால் இதுதான் என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள். 2008-ல் ரூகர் எஸ்ஆர்9, கீழே விழுந்தால் சுடலாம் என்று திரும்ப அழைக்கப்பட்டது. 2017-ல் சிக் சாவர் பி320-க்கும் அதே பேச்சு. அமெரிக்க ராணுவம் அதன் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்த அதே ஆண்டு, பொதுமக்களிடம் விற்றதற்கு நிறுவனம் இலவச மாற்றம் அறிவித்தது. 2020 நவம்பரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் ஷீல்டு ஈஸி மாடலில், அந்த ஆண்டு மார்ச் முதல் அக்டோபர் வரை செய்தவற்றை சுத்தியல் பாகக் குறைக்காகத் திரும்ப அழைத்தது. இவை ஒன்றும் 200 டாலர் சரக்கு இல்லை.

நம்மூரில் குக்கர் வாங்கினால்கூட ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்போம். அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்புக்கு 1972 சட்டப்படி ஓர் ஆணையம் உண்டு. டோஸ்டரில் கோளாறு என்றால் நடவடிக்கை எடுக்கும், பொம்மைத் துப்பாக்கியில் கோளாறு என்றாலும் எடுக்கும். நிஜத் துப்பாக்கி மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு. மேலே சொன்ன திரும்ப அழைப்புகள் எல்லாம் நிறுவனங்களே செய்தவை, இல்லாவிட்டால் வழக்கு செய்ய வைத்தவை.

ஓரிரு மாநிலங்கள் மட்டும் தாங்களே தேர்வு வைத்துக்கொண்டன. 2001 முதல் நடைமுறையில் உள்ள கலிஃபோர்னியா விதிப்படி, ஒரு மாடலின் மூன்று துப்பாக்கிகள் தலா 600 தோட்டா சுட வேண்டும். முதல் 20-ல் கோளாறே கூடாது, மொத்தத்தில் 6-க்கு மேல் கூடாது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டாலும் சுடக் கூடாது. 600-க்கு 6 என்றால் நூற்றுக்கு ஒன்று. ஒரு கண்டிப்பான மாநிலத்தின் பாஸ் மார்க்கே இவ்வளவுதான்.

எத்தனை சுட்டால் நம்பலாம்?

என் துறைக்கு வந்துவிட்டோம். புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்று எளிய ஒன்று உண்டு. ஒரு பொருளை n முறை ஓட்டி ஒரு கோளாறும் வரவில்லை. அதன் உண்மையான கோளாறு விகிதம் 3/n-க்கு மேல் இருந்திருந்தால், இப்படிச் சுத்தமாக ஓடியிருக்க 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே. அதனால் '3/n-க்குள்' என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல உரிமை இல்லை.

எண்களைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பெட்டி, 50 தோட்டா, கோளாறு இல்லை: விகிதம் 6 சதவீதம் வரைகூட இருக்கலாம். அப்படி இருந்தால், 8 தோட்டா கொண்ட ஒரு மேகசினைக் காலி செய்வதற்குள் ஒரு தடவையாவது சிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம்.

200 தோட்டா, கோளாறு இல்லை: 1.5 சதவீதம் வரை. ஒரு மேகசினில் சிக்கும் வாய்ப்பு 11 சதவீதம்.

500 தோட்டா, கோளாறு இல்லை: 0.6 சதவீதம் வரை. ஒரு மேகசினில் 5 சதவீதத்துக்குள்.

இவை உச்ச வரம்புகள், உங்கள் துப்பாக்கி இதைவிட நன்றாகவே இருக்கலாம். ஆனால் "ஒரு பெட்டி சுட்டேன், சூப்பர்" என்று சொல்பவருக்கு எதுவுமே தெரியாது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. 500 டாலர் துப்பாக்கிக்கும் இதே கணக்குதான். ஒரே வித்தியாசம், கிளாக் பல காவல்துறைகளில் வருடக்கணக்காக ஓடுகிறது. ஏற்கெனவே புரொடக்‌ஷனில் இருக்கும் மென்பொருள் மாதிரி, அதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. ஆனாலும் உங்கள் கையில் வந்த அந்த ஒன்று சரியா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பயிற்சித் தோட்டாவின் முனை உருண்டை, வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். தற்காப்புக்கு வாங்குவது குழிமுனைத் தோட்டா. அந்த முனை, ஏறும் சரிவில் இடிக்கலாம். வீட்டில் எதை வைக்கப் போகிறீர்களோ அதிலேயே 50-ஆவது சுட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம் கை. ரேஞ்சில் நான் பார்த்த ஜாம்களில் பாதிக்கு மேல் புதியவர்கள் கையில் நடந்தவை. பயிற்றுநர் வந்து "மணிக்கட்டை உறுதியா வைங்க" என்பார், அடுத்த மேகசின் சுத்தமாக ஓடும். ஸ்லைடு பின்னால் போகும்போது கையும் சேர்ந்து பின்னால் போனால், ஸ்லைடு முழுத் தூரம் போகாது, கூடு வெளியே வராது. மேகசினை முழுதாகத் தட்டி ஏற்றாதது, ஸ்லைடைக் கையாலேயே மெதுவாகக் கொண்டுவந்து விடுவது எல்லாம் இதே வகை. புதியவருக்கு இது துப்பாக்கியின் குறையா தன் கையின் குறையா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் 500 தோட்டா துப்பாக்கிக்கான தேர்வு மட்டும் இல்லை, கைக்கான தேர்வும்தான்.

மலிவின் உண்மையான விலை

சாதாரண நாளில் பயிற்சித் தோட்டா ஒன்று 25 முதல் 30 சென்ட். 450-க்குச் சுமார் 125 டாலர். குழிமுனை 50-க்கு ஏறக்குறைய 50 டாலர். ஒரு அடிப்படை வகுப்பு, பூட்டுப் பெட்டி என்று இன்னும் 125 வைத்துக்கொள்ளுங்கள். 200 டாலர் துப்பாக்கி 500 டாலர் ஆகிவிட்டது. அதே செலவு போட்டால் கிளாக் 800-ஐத் தாண்டும். ஆக மலிவுத் துப்பாக்கியில் மிச்சம் நிஜமான மிச்சம்தான். ஆனால் தேர்வுச் செலவைத் தவிர்த்துவிட்டால் மட்டும் அது மிச்சம் இல்லை, கடன்.

சிக்கல் என்னவென்றால், 200 டாலர் துப்பாக்கியைத் தேடுபவர் பெரும்பாலும் அந்த 300-ஐச் செலவழிக்க முடியாதவர். இரவு ஷிப்ட் முடித்து நடந்தே வீட்டுக்குப் போகும் கடை ஊழியர், போலீஸ் வர நேரமாகும் தெருவில் வசிப்பவர். மலிவுத் துப்பாக்கியைத் தடை செய்யும் சட்டங்களை எதிர்ப்பவர்கள், ஏழைக்கு மட்டும் கதவை அடைக்கிறீர்கள் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆதரிப்பவர்கள், ஏழைக்கு மட்டும் கோளாறான பொருளா என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 2020-ல் நிலைமை இன்னும் மோசம். புதியவர்கள் மிக அதிகமாக வந்த அதே நேரத்தில் தோட்டா தட்டுப்பாடு. கடைகளில் ஆளுக்கு இத்தனை பெட்டி என்று கணக்கு. வாங்கியதைச் சுட்டுப் பார்க்காமலே இழுப்பறையில் வைத்தவர்கள் ஏராளமாக இருந்திருப்பார்கள்.

நம்பகமே ஆபத்தாகும் இடம்

கடைசியாக, சொல்லக் கசப்பான ஒன்று. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. 2020-ல் வெளியான பெரிய கலிஃபோர்னியா ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், இல்லாதவர்களைவிட ஏறக்குறைய 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு. நள்ளிரவில் கதவை உடைத்து வருபவனை மனதில் வைத்தே எல்லோரும் நம்பகத்தைப் பேசுகிறோம். ஆனால் துப்பாக்கி, எடுப்பவர் யார் என்று பார்ப்பதில்லை. மனம் உடைந்த பதினாறு வயதுப் பிள்ளை எடுத்தாலும் அதே நம்பகத்தோடு சுடும். 500 ரவுண்டு தேர்வில் தேறிய துப்பாக்கி, இந்த இடத்தில் இன்னும் ஆபத்தானது.

அதனால் என் பதில் இப்படி வருகிறது. இன்றைய மலிவுத் துப்பாக்கிகளில் தெரிந்த நிறுவனங்களின் தயாரிப்புகள் வேலை செய்யும். "200 டாலர், அதனால் குப்பை" என்பது 1994-ன் நினைவு. ஆனால் அவற்றைப் புதியவர் நம்பலாம் என்பதற்கு நிபந்தனைகள் உண்டு.

வாங்கும் முன், குறிப்பாகப் பழையது என்றால், வரிசை எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டுத் திரும்ப அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காவல்துறை மாற்றிவிட்ட பழைய துப்பாக்கி கிடைத்தால் அதையும் விசாரியுங்கள், பல நேரம் புதிய மலிவை விட அது நல்ல பேரம். சேஃப்டி போட்டபடியே காலி செய்ய முடியுமா என்று கடைக்காரரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். மேகசினை எடுத்துவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்காதீர்கள், சேம்பரில் ஒன்று இருக்கலாம். ஒரு வகுப்புக்குப் போங்கள். 500 சுடுங்கள், நடுவில் சிக்கினால் காரணம் கண்டுபிடித்துவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள். பூட்டுப் பெட்டியைத் துப்பாக்கி வாங்கும் அன்றே வாங்குங்கள், சாவியோ எண்ணோ வீட்டில் இன்னொருவருக்குத் தெரிய வேண்டாம்.

பட்ஜெட் 200 டாலர்தான், மீதி எதுவும் முடியாது என்றால், இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பதே நல்லது. அதுவரை கதவுக்கு நல்ல பூட்டு, வாசலுக்கு ஒரு விளக்கு. இவை இரண்டும் தவறாகச் சுடுவதில்லை.